அவள் தண்ணீர் சுமக்கட்டும்

என் மகளை வகுப்பறையின் கடைசி மூலையில், சுவருக்கும் மேசைக்கும் நடுவில் வைத்து அடைத்திருந்தார்கள். மேசையை அவள் வயிற்றோடு ஒட்டித் தள்ளி, அதற்கு அந்தப் பக்கம் உட்காருகிற நீள வாங்கு ஒன்றைப் போட்டு, வாங்கில் உடம்பு கனத்த ஒரு பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். அவள் எழும்பி ஓடாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டைக் கொடுக்கப் போன அன்று ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மகள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டிருந்தது.

வகுப்பு டீச்சர் வெளியே வந்தார். கெட்ட மனுஷி இல்லை. களைத்துப்போன மனுஷி.

"என்னா செய்யிறது சொல்லுங்க. இத்தன புள்ளைங்கள வச்சிக்கிட்டு இவ பின்னாலயே ஓட முடியுமா? வெளிய ரோட்டுல லொறி போகுது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாளைக்கு நீங்கதான் வந்து கேப்பீங்க."

"வெளையாட்டு நேரத்துலயாச்சும் வெளிய விடுறீங்களா டீச்சர்?"

"அப்பதான் ரொம்ப பயம். அந்த நேரத்துல கதவ சாத்தி உள்ளயே வச்சிடுவோம்."

ஓட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையை, மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஓடுகிற நேரத்தில், கதவைச் சாத்தி உள்ளே வைக்கிறார்கள். இதை அவர் பாதுகாப்பு என்று சொன்னார். மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

நாங்கள் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்து, மேட்டில் கட்டிக்கொடுத்த சிறிய தனி வீடு. நான் நோர்வூட் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். கணவர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்கு நிற்கிறார். லீவு கிடைத்தால் வருவார். எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது அவளுக்கு எட்டு வயது.

ஆட்டிசம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதோடு ஓரிடத்தில் நிற்க முடியாத தன்மையும் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பேச்சு அதிகம் இல்லை. அட்டன் டவுனுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் கொண்டக்டர் கூவுவதை அப்படியே திருப்பிச் சொல்வாள். "அட்டன் அட்டன் அட்டன், ஏறு ஏறு ஏறு." பசித்தாலும் அதுதான், பயந்தாலும் அதுதான், சந்தோஷம் வந்தாலும் அதுதான். எந்த அட்டனுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும் ஓரளவு தெரியும். வீட்டுக்குள் அலுமாரியின் மேல் ஏறுவாள். வெளியே விட்டால் வடிகால் கான் ஓரமாகத் தண்ணீர் போகிற திசையில் ஓடுவாள். ஒரு தடவை ரோட்டு வரைக்கும் போய்விட்டாள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியின் டிரைவர் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நூல் கட்டு. கோயிலுக்கு நேர்ந்துகொள். ரெண்டு போடு, அடங்குவாள். பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள், "நீ கடைக்குப் போற நேரத்துல இடுப்புல ஒரு சேலய கட்டி தூணுல முடிஞ்சி போடு தங்கச்சி. அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது." எல்லாருடைய யோசனையும் ஒன்றில்தான் போய் நின்றது. அந்தப் பிள்ளையை அசையாமல் வை.

அசைய விடு என்று முதலில் சொன்னவர் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சிங்கள மிஸ். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். அங்கே போய்ச் சேர்வதே ஒரு போராட்டம். பஸ்ஸில் மகள் சீட்டின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே கண்டி போய்ச் சேர்ந்தேன்.

அந்த மிஸ்ஸின் அறையில் ஓர் ஊஞ்சல் தொங்கியது. பெரிய பந்து ஒன்று கிடந்தது. மிஸ் அதையெல்லாம் விட்டுவிட்டு, புத்தகம் நிறைந்த ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, மகளின் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். தள்ளு என்றார். மகள் தள்ளினாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். திரும்ப இந்தச் சுவர். முகம் சிவந்து, மூச்சு வாங்க, யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்பத் தள்ளினாள். பிறகு தானாகவே நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மிஸ் அவள் முன்னால் மரக்கட்டைகளை வைத்தார். அவள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். கடிக்கவில்லை. தட்டவில்லை. என் பிள்ளை அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மிஸ் எனக்குப் புரிகிற மாதிரி மெதுவான சிங்களத்தில் சொன்னார். இந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரிவதில்லை. அதைத் தேடித்தான் இடிக்கிறாள், கடிக்கிறாள், ஓடுகிறாள். தோளிலும் கையிலும் காலிலும் நல்ல பாரம் விழுந்தால் அந்தத் தேடல் அடங்கும். தள்ளட்டும், இழுக்கட்டும், தூக்கட்டும், மேடு ஏறட்டும். பாடசாலைக்குப் போகும் முன்னால் தினமும். அவளுக்குத் தாங்குகிற பாரம்தான். அவள் கீழே வைத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

"வீட்டுக்குப் பக்கத்தில் மேடு ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"மிஸ், எங்களுக்கு மேட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்றேன். அவரும் சிரித்தார்.

ஆனால் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கட்டும் என்று அவர் சொன்ன சொல் நெஞ்சில் முள் மாதிரி நின்றது. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். என்னைக் கொழுந்துக் கூடையைத் தொடக்கூட விட்டதில்லை. ஈரமாகக் கிடக்கும் கூடையை நகர்த்தி வைக்கப் போனால்கூட, "அத வச்சிட்டுப் போயி உக்காந்து படி" என்பார் அப்பா. உட்கார்ந்து படி. உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போ. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை முன்னேறிவிட்டது என்றால் அது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அப்படி உட்கார வைக்கப்பட்டவள் நான். என் பிள்ளையை மேட்டில் பாரம் தூக்க வைக்க வேண்டுமா?

அதனால் முதலில் மற்றதையெல்லாம் செய்து பார்த்தேன். பெரிய பந்து ஒன்று வாங்கினேன். அது தகரத்தில் பட்டு வெடித்தது. தோட்டத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த நாளில் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மகள் நடுவில் ஓடியதும், "அக்கா, புள்ளைய கொஞ்சம் புடிங்க" என்றார்கள். தேயிலை மலைக்குள் நடக்கலாம் என்றால் குளவிக்குப் பயம், அட்டைக்கடி வேறு. மலையில் வேலையை மேற்பார்க்கிற, மரியாதையாகப் பேசுகிற கணக்கப்பிள்ளைகூட, "இதுக்குள்ள எல்லாம் புள்ளைய ஓட விடாதீங்க, ஏதும் ஆச்சின்னா எனக்குத்தான் கேள்வி" என்றார். இத்தனை பெரிய மலையில் ஒரு பிள்ளை ஓடுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு மழையில் எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கீழே பள்ளத்தில் இருக்கிற பீலியில்தான் எல்லாரும் தண்ணீர் பிடித்தார்கள். மலையூற்றைக் குழாயில் இறக்கி விட்டிருக்கும் இடம் அது. வாளியும் ஒரு சிறிய கேனும் எடுத்துக்கொண்டு போனேன். மகள் பின்னாலேயே வந்தாள். நான் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நிரம்பிய கேனை அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். நான் வாளியை அப்படியே போட்டுவிட்டு விழுந்துவிடுவாளோ என்று பின்னால் ஓடினேன். அவள் விழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, மண்ணில் வெட்டிய ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி ஏறினாள். கேனுக்குள் தண்ணீர் குலுங்குகிற சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தண்ணி" என்றாள்.

அது கொண்டக்டரின் சொல் இல்லை. அவளுடைய சொல்.

அன்று காலையில் ரொட்டியை உட்கார்ந்து சாப்பிட்டாள். முழு ரொட்டியையும்.

குழாயைச் சரி செய்த பிறகும் நாங்கள் பீலிக்குப் போனோம். காலையில் எழுந்ததும் அவளே கேனைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பாள். பாரம் அவள் இஷ்டம். சில நாள் பாதி நிரம்பியதும் போதும் என்று இழுத்துக்கொள்வாள். நான் வெறுங்கையோடு அவள் பின்னாலேயே ஏறுவேன். வழுக்கினால் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். நாளாக ஆக மணிக்கட்டிலிருந்த கடித்த காயம் ஆறியது. இரவில் தூங்கினாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் என் கையை உதறாமல் நடந்தாள்.

டீச்சருக்கும் இந்த மாற்றம் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தினார்.

"மருந்து மாத்துனீங்களா? இப்ப இன்டர்வல் வரைக்கும் உக்கார்றாளே?"

"மருந்தே இல்ல டீச்சர். காலையில பீலியில இருந்து தண்ணி தூக்கிக்கிட்டு வர்றா. அதுதான்."

அவர் முகம் மாறியது. "ஐயோ, பாவங்க. அந்தப் புள்ளையவா?"

நான் கண்டி மிஸ் சொன்னதெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு ஏதாவது தூக்கக் கொடுங்கள், பிள்ளைகள் எழுதுகிற கொப்பிக் கட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், உட்காருகிற கதிரையை நகர்த்தச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கடைசியில், "அதெல்லாம் மத்த பெற்றோருங்க பாத்தா வேற மாதிரி பேசுவாங்க" என்றார்.

சுவருக்கும் மேசைக்கும் நடுவில் அடைத்து வைத்ததை எந்தப் பெற்றோரும் வேறு மாதிரிப் பேசவில்லை.

தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். கீழ் லயத்துப் பையன் ஒருவனும் வந்திருந்தான். மலையக மக்களின் பிரச்சினைகளைப் பேஸ்புக்கில் எழுதுகிறவன். காலையில் எங்களை வழியில் கண்டு சிரித்துவிட்டுத்தான் போனான். மத்தியானம் பாமசியில் மருந்து வாங்க வந்த ஒரு பெண் என்னையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்கதானே?"

அந்தப் பையன் பேஸ்புக்கில் போட்ட படத்தில் என் மகள் கேனை அணைத்துக்கொண்டு மேடு ஏறுகிறாள். பின்னால் நான் வெறுங்கையோடு வருகிறேன். சுகமில்லாத பிள்ளையை இந்தக் காலத்திலும் சுமை தூக்க வைக்கிறார்கள், நம் சமூகம் எப்போது திருந்தும் என்கிற மாதிரி எழுதியிருந்தான். கீழே கருத்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஒருவர். பெற்ற தாயா என்று ஒருவர். அம்மா கையை வீசிக்கொண்டு வருகிறாள் பார் என்று ஒருவர். அதுதான் என்னை அறுத்தது. அந்த இரண்டு கையும் ஏன் வெறுமையாக இருந்தன என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பையன் வழியிலேயே நின்று, "ஏன் அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்று பின்னேரம் கணவர் கொழும்பிலிருந்து போன் எடுத்துப் பேசினார். எடுத்த எடுப்பிலேயே சத்தம்.

"கடையில முதலாளியே கூப்பிட்டுக் காட்டுறாரு. எனக்கு மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. என்னா செஞ்சிக்கிட்டு இருக்க நீ?"

"நான் ஒங்ககிட்ட சொன்னேன்தானே? கண்டி மிஸ் சொன்னதுன்னு."

"பயிற்சின்னு சொன்ன. தண்ணி தூக்க வைக்கிறேன்னு சொல்லல."

"அதுதாங்க பயிற்சி."

"நம்ம அப்பா அம்மா தூக்குனது போதாதா? அவளுமா தூக்கணும்?"

இதே கேள்வியை நான் எனக்குள் கேட்டு முடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவர் இப்போதுதான் தொடங்குகிறார். "நீங்க வந்து ஒரு காலையில அவகூட நில்லுங்க, பொறகு பேசுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவர் வரும் முன்னால் பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் விஷயங்களைப் பார்க்கிற ஒபிசர் வந்தார். தமிழ்ப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். கிராம சேவகரும் கூட வந்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஆட்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒபிசர் குடித்தார், நான் சொன்னதையும் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்கு வெளங்குது அக்கா. ஆனா புள்ளைங்கள வேலை வாங்குறதா முறைப்பாடு வந்திருக்கு. விசாரிச்சி முடியிற வரைக்கும் நிறுத்தி வைங்க."

"நிறுத்துனா மறுபடி கடிப்பா மிஸ். தலைய இடிப்பா."

"கொஞ்ச நாள்தானே?"

"அந்தக் கொஞ்ச நாள நீங்க வந்து பாத்துக்கிறீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. எழுந்து போனார். கண்டிக்குப் போன் எடுத்தால் அந்த மிஸ் பிரசவ லீவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது புது மிஸ்ஸிடம் பேசிக்கொள்ளச் சொன்னார்கள்.

நிறுத்தினேன். கேனைக் கூரைத் தகரத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மகள் காலையில் எழுந்து வீடு முழுக்கத் தேடினாள். அடுப்புக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள். கிடைக்காததும் என் கையைப் பிடித்து இழுத்து, "தண்ணி, தண்ணி" என்றாள். அவளுடைய ஒரே சொந்தச் சொல். அதற்கு நான், "இல்லடா" என்று சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் மணிக்கட்டில் மறுபடியும் பல் பதிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டாள். வந்து கூட்டிக்கொண்டு போங்கள், கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருங்கள் என்று அதிபர் போனில் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடமே அல்லோலகல்லோலமாக இருந்தது. பரிசளிப்பு விழாவுக்காக எல்லாருமாகச் சேர்ந்து வேலை செய்கிற சிரமதானம். சின்னப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாங்கு தூக்கினார்கள். பெரிய பிள்ளைகள் தண்ணீர் வாளி தூக்கினார்கள். எல்லார் முகத்திலும் வேர்வை, சிரிப்பு, ஒரே சத்தம். என் மகள் மட்டும் சாத்திய வகுப்பறைக்குள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேரே அதிபரிடம் போனேன்.

"சார், இந்தப் புள்ளைங்க தூக்குறதுக்கு என்னா பேரு?"

"சிரமதானம்."

"என் புள்ள தூக்குனா ஒபிசர் வர்றாங்க, பேஸ்புக்குல போடுறாங்க. இவங்க தூக்குனா சிரமதானமா?"

"சத்தம் போடாதீங்க. அது வேற, இது வேற."

"அப்ப அவளுக்கும் அந்தச் சிரமதானத்துல ஒரு கதிரை குடுங்க சார்."

"ஏதும் ஆனா யாரு பொறுப்பு?"

"நான். இந்த வாசல்லயே நிக்கிறேன். ரோட்டுப் பக்கம் போனா நான் புடிச்சிக்கிறேன்."

அவர் சுற்றிப் பார்த்தார். ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு மட்டும்" என்றார்.

கதவைத் திறந்ததும் அவள் ஓடினாள். நேரே பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு. ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். வைத்துவிட்டு வந்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. மண்டபம் நிறைந்த பிறகும் நிறுத்தாமல் வைத்ததையே திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி, "இங்க வா, இத புடி" என்று வாங்கின் ஒரு முனையைக் காட்டினாள். மகள் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளை வா என்று கூப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வேலை முடிந்து எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தபோது வரிசையில் நின்று வாங்கி, உட்கார்ந்து தின்றாள். அதிபர் பக்கத்தில் வந்து, "பரவாயில்லையே" என்றார். வீட்டில் வைத்திருக்கச் சொன்ன பேச்சை எடுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் விளையாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. கேட்டதற்கு அதிபர், "இன்னைக்கு மட்டும்னுதானே சொன்னேன்" என்றார்.

ஒபிசர் இரண்டாவது தடவை தனியாக வந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் விசாரித்தாராம், நான் சொன்னது சரிதானாம். முறைப்பாட்டை முடித்துவிடுவதாகச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு செய்யிங்க. கேன் வேணாம். ஸ்கூல் பேக்குல பாரத்த வச்சி முதுகுல மாட்டி விடுங்க. மேட்டுல ஏறட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. புத்தகப் பையில் கூன் விழுகிற பாரத்தோடு நம் பிள்ளைகள் தினமும் இதே மேட்டில் ஏறி இறங்குகிறார்கள். அதை எவரும் படம் பிடிப்பதில்லை. நான் அப்படியே செய்து பார்த்தேன். பைக்குள் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து மாட்டினேன். மகள் பாதி வழியில் பையைக் கழற்றி, போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வரிசையாக வைத்துவிட்டு, வெறும் பையை என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு நெஞ்சோடு அணைக்க வேண்டும். குலுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். கொண்டுவந்து வாசலில் வைத்து, தண்ணி என்று சொல்ல வேண்டும். கேனை ஒளித்து வைத்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

தீபாவளிக்குக் கணவர் வந்தார். வந்த மறுநாள் காலையில் எங்களோடு பீலிக்கு வந்தார். மகள் கேனைத் தூக்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "குடும்மா, அப்பா தூக்குறேன்" என்று வாங்கினார். அவள் போட்ட சத்தத்தில் மேல் லயத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். தரையில் விழுந்து புரண்டாள். அவர் பயந்துபோய்க் கேனைக் கீழே வைத்தார். அவள் எழும்பி, கண்ணீரோடும் சேற்றோடும் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் ஏறினார். என்னைப் போலவே இரண்டு கையையும் வெறுமையாக நீட்டிக்கொண்டு.

"கை வலிக்காதா அவளுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"அவளையே கேளுங்க."

"வலிக்குதாடா?"

"அட்டன் அட்டன், ஏறு ஏறு" என்றாள் மகள். அது சந்தோஷ அட்டன். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், சிரித்தார்.

வழியில், தன் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, "பாவம் புள்ள, நீயாச்சும் சொல்லக் கூடாதா தம்பி?" என்று அவரிடம் கேட்டாள்.

"அது வேல இல்லக்கா. அவளுக்கு அதுதான் மருந்து."

"அப்புடியா? எனக்கு இது தெரியாதே" என்றாள் அக்கா. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

இதே வார்த்தையை இதே அக்காவிடம், இதே வாசலில் நின்று, நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவர் ஒரு தடவை சொன்னதும் தெரிந்துவிட்டது. கணவர் என் பக்கம் பேசியதற்குச் சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வந்தது எரிச்சல்தான். வீட்டுக்குப் போய் அடுப்பில் பாத்திரத்தை டமார் என்று வைத்தேன். என்ன கோபம் என்று அவர் கேட்டார். சொன்னால் விளங்காது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் அவள் அடுத்த வகுப்புக்குப் போனாள். புது டீச்சர். அட்டனிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்ன வயதுக்காரி. முதல் நாளே வாசலில் காத்திருந்து எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பெட்டி தள்ளியது, பீலி, கதிரை, எல்லாம். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மொதல்ல உக்காரப் பழகட்டும். பொறகு மத்ததப் பாப்போம்."

"உக்காரணும்னாதான் டீச்சர் அவ தூக்கணும்."

"பாப்போம்" என்றார்.

அவர் கையில் கொப்பிக் கட்டு ஒன்று இருந்தது. "அத அவகிட்ட குடுங்க டீச்சர், வகுப்பு வரைக்கும் கொண்டாரட்டும்" என்றேன். அவர் தயங்கினார். பிறகு பாதிக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படி ஏறிப் போனாள்.

மறுநாளும் வாசலில் நின்று கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் கொடுக்கிறார். சில நாள், "இன்னைக்கு நேரமாச்சி, வேணாம்" என்று கட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு விறுவிறென்று போய்விடுகிறார். கொடுத்த நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருவதில்லை. கொடுக்காத நாளில் நான் பாமசியில் மாத்திரை எண்ணிக்கொண்டே போனைப் பார்த்தபடி நிற்கிறேன்.